30 டாலருக்கு பீட் லீஸ் விடுவது சரியா?

கிக்_கதிர்:
வீட்டில் எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளில் செய்கிற பீட்களை (மேலே பாடுவதற்கான பின்னணி இசை) பீட்ஸ்டார்ஸ் என்ற இணையச் சந்தையில் போட்டு விற்கிறேன். எம்பி3 கோப்பாகக் கொடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் லீஸ் 30 டாலர். ஒரே பீட்டைப் பல பேருக்குக் கொடுக்கலாம், உரிமை என்னிடமே இருக்கும். தெரிந்த இசைக்காரர்கள் சிலர், "இந்த விலைக்கு விற்றால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஒரு பீட்டை ஒருவருக்கு மட்டும்தான் விற்க வேண்டும்" என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கையில் காசில்லாத ராப்பர் பையன்கள் பிறகு எங்கே போவார்கள்?

பாஸ்லைன்:
அவர்கள் சொல்வதுதான் சரி. பிரபல ராப்பர் பெயரைத் தலைப்பில் போட்டு, அவர் பாணி பீட் என்கிற அர்த்தத்தில் "டைப் பீட்" என்று யூடியூபில் ஏற்றுகிறோம். மெலடி லூப் (திரும்பத் திரும்ப ஓடுகிற மெட்டுத் துண்டு) வேறு யாரோ செய்தது, ட்ரம் கிட் (தாள ஒலிகளின் தொகுப்பு) எல்லாரிடமும் இருப்பது. 808 என்கிற அடிக்குரல் பாஸ் ஒலியைப் பாட்டின் ஸ்வர வரிசைக்கு (ஸ்கேல்) ட்யூன் செய்யக்கூடப் பலர் மெனக்கெடுவதில்லை, கிக் ட்ரம்மும் பாஸும் ஒன்றை ஒன்று விழுங்கிக்கொண்டு கிடக்கும். 30 டாலருக்கு அதற்கு மேல் உட்கார்ந்தால் கட்டுப்படியாகாது. விலை இறங்கியதும் உழைப்பும் இறங்கிவிட்டது, என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

கிக்_கதிர்:
அண்ணா, 'ஓல்டு டவுன் ரோடு' பாட்டை மறந்துவிட்டீர்களா? நெதர்லாந்தில் யங்கியோ என்ற இளைஞர் வீட்டில் செய்து இணையத்தில் போட்ட பீட் அது. அமெரிக்க ராப்பர் லில் நாஸ் எக்ஸ் 30 டாலர் கொடுத்து வாங்கி, அதன் மேல் இந்தப் பாட்டைப் பாடினார். 2019-இல் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 19 வாரம் முதலிடம். எக்ஸ்க்ளூசிவ் (ஒருவருக்கு மட்டுமான விற்பனை) மட்டும்தான் என்று யங்கியோ அடம்பிடித்திருந்தால், அப்போது பெயரே தெரியாத ஒரு பாடகரால் வாங்கியிருக்க முடியுமா?

பாஸ்லைன்:
தம்பி, அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்த பீட்டில் வருகிற பாஞ்சோ மீட்டல் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு, அதாவது சாம்பிள். முன் அனுமதி வாங்கவில்லை. பாட்டு பெரிதாக வெடித்த பிறகுதான் பேசித் தீர்த்தார்கள், அந்த ஆல்பத்தைச் செய்த டிரென்ட் ரெஸ்னரும் ஆட்டிகஸ் ராஸும் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் வந்தார்கள். அங்கே பின்னால் பெரிய நிறுவனம் நின்றது. நம்மிடம் லீஸ் வாங்கிய பையனுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் பாட்டையே இறக்க வேண்டியதுதான். பல லீஸ் ஒப்பந்தங்களில் "சாம்பிள் அனுமதி வாங்குவது வாங்குபவர் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது, அதை யார் படிக்கிறார்கள்?

ரசீது_ராணி:
இரண்டு பேரும் விலையையே பேசுகிறீர்கள். எனக்கு ஒப்பந்தத் தாள்தான் முக்கியம். லீஸ் என்பது வாடகைக்கு விடுவது மாதிரி, வீடு உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் எத்தனை ஸ்ட்ரீம் வரை, எத்தனை வருஷம், வீடியோவுக்கு உண்டா, மேடையில் பாடலாமா என்று எழுதாவிட்டால் வம்பு. நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் ஸ்பாட்டிஃபையில் ஓடப் போகிற பாட்டுக்கு இது சின்ன விஷயமா? 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையை விற்றாலும் இசையமைத்தவருக்கு ராயல்டியில் சமபங்கு கேட்கிற உரிமை போகாது. "எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று தலையில் கை வைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் கான்டென்ட் ஐடி, அதாவது பதிந்து வைத்த ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூபின் ஏற்பாடு. லீஸ் வாங்கிய ஒருவர் தன் பாட்டை டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்களில் ஏற்றித் தருகிற நிறுவனம்) வழியாக அதில் பதிந்துவிடுகிறார். அதே பீட்டை லீஸ் எடுத்த மற்றவர்களுக்கெல்லாம் யூடியூபில் க்ளெய்ம் (இது என் ஒலி என்ற உரிமைகோரல்) விழுகிறது. சில சமயம் பீட் செய்தவர் சேனலுக்கே விழுகிறது! தனி உரிமை இல்லாத எதையும் அதில் பதியக் கூடாது என்பது யூடியூபின் விதி. லீஸ் தாளில் இது முதல் வரியாக வர வேண்டும்.

பாஸ்லைன்:
ராணி அக்கா சொன்னதையே என் பக்க நியாயமாகவும் சொல்வேன். ஒரே பீட்டை இருபது பேருக்குக் கொடுப்பதால்தானே இந்தக் குழப்பம்? இன்னொன்றும் உண்டு. முதலில் பலருக்கு லீஸ், பிறகு ஒருவருக்கு எக்ஸ்க்ளூசிவ். பழைய லீஸ்கள் ரத்தாகாது. பெரிய தொகை கொடுத்து வாங்கியவர் தன் பாட்டை வெளியிடும்போது அதே பீட்டில் ஏற்கெனவே நாலு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இது ஏமாற்று.

கிக்_கதிர்:
சொல்லாமல் விற்றால் ஏமாற்று. இதுவரை யாருக்கெல்லாம் லீஸ் போயிருக்கிறது என்று பட்டியல் கொடுத்துவிட்டு விற்றால் என்ன தவறு? நான் கொடுத்துவிடுகிறேன்.

பறையடி:
நடுவில் வருகிறேன். "தமிழ் ஃபோக் பீட்" என்று விற்கிறீர்களே, அந்தப் பறை யார் அடித்தது? ஊரில் ஒருவரைக் கூப்பிட்டு, போனில் பதிந்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த லூப்பைப் பல வருஷம் லீஸ் விடுகிறீர்கள். நிகழ்த்துகிறவருக்கும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, 38-ஆம் பிரிவு. அவர் பெயரும் பங்கும் தாளில் எங்கே? பாஸ்லைன் கேட்கிற மரியாதை அடித்தவர் கைக்கும் வர வேண்டும்.

கிக்_கதிர்:
இதற்கு மறுபேச்சு இல்லை. பறை, உறுமி, தவில் என்று ஆளை வைத்துப் பதிகிற பீட்டுக்கு ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குச் சதவீதம் வைக்கலாம், பீட்ஸ்டார்ஸில் பங்கு பிரிக்கிற வசதி இருக்கிறது. ஆனால் அதனால் 30 டாலர் லீஸ் தப்பாகிவிடாது.

பாஸ்லைன்:
30 டாலரில் அவருக்கு எவ்வளவு போகும்? நேரில் அடித்துப் பதிந்த பீட்டுக்காவது விலையை ஏற்றுங்கள் தம்பி. அதற்குச் சம்மதம் என்றால் மீதியைப் பேசலாம்.