டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 230 வோல்ட் ஸ்ட்ரிப் லைட்: சன்ஷேடுல நேரா மாட்டலாமா?

குளச்சல்வீடு:
கடலில் இருந்து அரை கிலோமீட்டர் தள்ளி வீடு. மாடி சன்ஷேடுக்கு அடியில் சுற்றி 34.4 மீட்டர் வருது. ஹால் ஃபால்ஸ் சீலிங் கோவ்ல (ஓரமா லைட்டை மறைச்சு வைக்கிற பள்ளம்) 15 மீட்டர். டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் எதுவும் வேண்டாம், பிளக்கைச் சொருகினா எரியும்னு கடையில் 50 மீட்டர் ரோல் காட்டுறாங்க. ஒரே ரோல்ல ரெண்டையும் முடிக்கலாமா? எங்கே வெட்டணும்? கிறிஸ்துமசுக்கு முன்னாடி மாட்டணும்.

தக்கலை வயர்மேன்:
சன்ஷேடுக்குச் சரி. கோவ்ல வேண்டாம், அதை அடுத்த ஆள் சொல்லட்டும்.

முதல்ல ஒண்ணு மனசுல வையுங்க. டிரான்ஸ்ஃபார்மர் இல்லைன்னா ஷாக் இல்லைன்னு அர்த்தம் கிடையாது, நேர்மாறு. பிளக் வயர் நடுவுல குண்டா இருக்கிறது பிரிட்ஜ் ரெக்டிஃபையர். அது ஏசியை டிசியா மாத்துமே தவிர வோல்ட்டைக் குறைக்காது. ஸ்ட்ரிப்புக்குள்ள ஓடுற செம்புக் கம்பியில உச்சத்துல 325 வோல்ட் வரை நிக்கும். மேல இருக்கிற பிவிசி உறைதான் ஒரே காப்பு.

வெட்டுறது கத்தரிக்கோல் குறி இருக்கிற இடத்துல மட்டும். பெரும்பாலான ரோல்ல 1 மீட்டருக்கு ஒரு குறி, சிலதுல அரை மீட்டர். குறி தவறி வெட்டினா அந்தத் துண்டு முழுக்க எரியாது, உள்ள எல்இடி எல்லாம் தொடர் இணைப்பு. உங்க 34.4க்கு 34ல நிறுத்துங்க. 40 செ.மீ. இருட்டு பின்பக்க மூலையில வந்தா யார் பாக்கப் போறா?

லோடு ரோல்ல அச்சடிச்சிருக்கும். மீட்டருக்கு 8 வாட்னா 34 × 8 = 272 வாட், 1.2 ஆம்பியர்தான். லைட் சர்க்யூட்ல 6 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினா தானா அணையுற சுவிட்ச்), 1 சதுர மி.மீ. வயர் போதும். பிளக் வயர் எத்தனை மீட்டரைத் தாங்கும்னும் பாத்து வாங்குங்க, மட்டமான ரெக்டிஃபையர் நீள ரன்ல சூடாகிப் போகும்.

பிளக் வயர் முனையில இருக்கிற ரெண்டு ஊசி பின்னை ஸ்ட்ரிப்புக்குள்ள சொருகுறதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுவாங்க. ரெண்டு பின்னும் ரெண்டு ஓரத்துக் கம்பியை ஒட்டி நேரா இறங்கணும். சாய்ஞ்சா ஒரு பக்கம் தொடாது, இல்லைன்னா ஷார்ட். எரியலைன்னா சுவர்ல இருந்து பிளக்கைக் கழட்டிட்டு பின்னைத் திருப்பிச் சொருகுங்க, பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். டெஸ்ட் பண்ணும்போது ரோலை விரிச்சிடுங்க. சுருட்டின ரோல் சூடேறி உறை உருகும்.

கடைசி முனையில எண்ட் கேப், ரெண்டு முனையிலும் சிலிகான். வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் செம்பை அரிக்கும், நியூட்ரல்னு போட்டதைக் கேட்டு வாங்குங்க. கிளிப் 50 செ.மீ.க்கு ஒண்ணு, ஏறக்குறைய 70. உப்புக் காத்து அடிக்கிற இடம், சாதா இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்சு சுவர்ல கறை இறக்கும். ஸ்டெயின்லெஸ் போடுங்க. மூலையில சட்டுனு மடக்காம வளைச்சு விடுங்க, பக்கவாட்டில் முறுக்கினா உள்ள சால்டர் விட்டுரும்.

ஐப்பசி மழையில வேலை வைக்காதீங்க. முனை ஈரமா இருக்கும்போது சிலிகான் பூசினா ஈரம் உள்ளேயே அடைஞ்சு கிடக்கும்.

மார்த்தாண்டம்_சீலிங்:
கோவ்க்கு இந்த ரோல் வேண்டாம் அண்ணாச்சி. வினாடிக்கு 100 தடவை அணைஞ்சு எரியும். கண்ணுக்குச் சட்டுனு தெரியாது, போன்ல வீடியோ எடுத்தா கோடு கோடா ஓடும். மணிக்கணக்கா உக்காந்திருக்கிற ஹாலுக்கு அது ஒத்து வராது.

24 வோல்ட் ஸ்ட்ரிப் எடுங்க. மீட்டருக்கு 10 வாட்னா 15 மீட்டருக்கு 150 வாட், 230 வோல்ட்டை 24 வோல்ட்டாக் குறைக்கிற 200 வாட் டிரைவர் வையுங்க. 15 மீட்டரையும் ஒரே நீளமா ஓட்டினா கடைசிப் பக்கம் மங்கும். 5 மீட்டரா மூணு துண்டு, ஒவ்வொண்ணுக்கும் டிரைவர்ல இருந்து தனி வயர். டிரைவரை ஜிப்சத்துக்குள்ள போட்டு மூடாதீங்க, கை போற மாதிரி ஒரு திறப்பு விடுங்க.

230 வோல்ட் ரோலை கட்டில் தலைமாடு, மாடிப்படி கைப்பிடி, அடுக்களை மேடைன்னு கை படுற எங்கேயும் ஒட்டக் கூடாது.

குளச்சல்வீடு:
ரொம்ப நன்றி. வீட்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கு. அது போதும்தானே? அப்புறம், இடையில ஒரு மீட்டர் மட்டும் அணைஞ்சா?

திங்கள்சந்தை_ஏசி_டிசி:
30 மில்லி ஆம்பியர்தானான்னு பாருங்க. அதோட டைப்பும் பாக்கணும். ரெக்டிஃபையருக்கு அப்புறம் கசியுற கரண்ட் அரை அலையா வரும், ஏசி டைப் ஆர்சிசிபி அதைச் சரியாப் பிடிக்காம விடலாம், ஏ டைப் பிடிக்கும். எதுவானாலும் ரெண்டு கம்பியையும் ஒரே ஆள் தொட்டா ஆர்சிசிபிக்குத் தெரியாது.

சுவிட்ச் ஃபேஸ்லதான் இருக்கணும். நியூட்ரல்ல இருந்தா அணைச்ச பிறகும் மங்கலா மினுங்கும், ஸ்ட்ரிப்லயும் கரண்ட் நிக்கும். இண்டிகேட்டர் உள்ள சுவிட்சும் அப்படி மினுங்க வைக்கும்.

ஒரு மீட்டர் மட்டும் இருட்டுன்னா அந்தத் துண்டுல ஒரு எல்இடி போச்சு. அதை ரெண்டு குறியிலும் வெட்டி எடுத்து, மிச்சம் வச்ச ரோல்ல இருந்து புதுத் துண்டை நடு கனெக்டர் வச்சு இணைக்கலாம். ஒரு இடத்துக்கு அப்புறம் எல்லாமே இருட்டுன்னா எல்இடி இல்லை, இணைப்புதான். பெரும்பாலும் கனெக்டர் பின் பச்சை பூத்திருக்கும்.

ரெக்டிஃபையர் குண்டை ஐபி65 பெட்டிக்குள்ள (தூசியும் மழைத்தண்ணியும் புகாத பெட்டி) வையுங்க. வயர் பெட்டிக்குக் கீழ்ப்பக்கமா நுழையட்டும், அதுக்கு முன்னாடி கொஞ்சம் தொங்க விடுங்க, ஓடி வர்ற மழைத்தண்ணி அங்கேயே சொட்டிரும்.