மாஸ்டா எம்எக்ஸ்-5: ரப்பரைத் தூக்கிவிட்டு இஞ்சினைக் கெட்டியாக உட்கார வைக்கலாமா?

ரோட்ஸ்டர்91:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1991 யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த எம்எக்ஸ்-5தான், 1.6 இஞ்சின், ஐந்து கியர். பர்மிங்ஹாமில் இருக்கிறேன். மாலரி பார்க், பிளைட்டன் பார்க் பக்கம் டிராக் டேக்கு (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) எடுத்துப் போவேன். டிரெய்லர் கிடையாது, ரோட்டில் ஓட்டிக்கொண்டுதான் போய் வரணும்.

ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் கியர் லிவர் பக்கவாட்டில் குதிக்கிறது. 2லிருந்து 3க்குப் போகும்போது கை ஒரு பக்கம், லிவர் ஒரு பக்கம். இஞ்சினை வண்டியோடு பிடிக்கிற மவுண்டிங்கின் ரப்பர்தான் காரணம் என்று நினைக்கிறேன். நண்பரிடம் லேத், மில்லிங் இரண்டும் இருக்கின்றன. அலுமினியத்தில் கடைந்து இரண்டு மவுண்டிங் செய்து போட்டுவிடலாமா? எந்த அலுமினியம்? பின்னால் டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பக்கமும் சேர்த்து மாற்றணுமா?

மிரர்மணி:

டொயோட்டா எம்ஆர்2வில் கெட்டி மவுண்டிங் போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வருவது ஒரு வண்டியா நாலு வண்டியா என்று மிரரில் தெரியாது. மனைவி ஒரு தடவை ஏறினார், அப்புறம் ஏறவில்லை. டிராக்கில் மட்டும் சொர்க்கம்.

பீளமேட்டு லேத்:

தம்பி, நான் கோயம்புத்தூர்க்காரன். லேத் பழகினது அங்கே, இப்போது கொவென்ட்ரியில் ரேஸ் வண்டிகளுக்குச் சாமான் கடைந்து கொடுக்கிறேன். உங்கள் மாடல் நிறைய வரும்.

மெட்டலை வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. பானட்டைத் திற. நீ பக்கத்தில், எட்ட நில். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்து, 2ல் போட்டுக் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடட்டும். வண்டிக்கு முன்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது. இஞ்சின் முறுக்கிக்கொண்டு இடது பக்கம் தூக்கும், அதாவது நம் ஊர் மாதிரி இங்கேயும் பயணி உட்காரும் பக்கம். கொஞ்சம் தூக்கினால் அது ரப்பரின் குணம். விரல் பருமனுக்கு எழும்பி "டக்" என்று விழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. முப்பது வருஷத்து ரப்பர் கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்து லிவரையே கழற்றிப் பார். இந்த வண்டியில் லிவர் நேராகக் கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கேபிள் கிடையாது. அதனால் இஞ்சின் உருண்டால் லிவரும் கூடவே உருளும், நீ சொல்வது சரி. ஆனால் லிவரின் அடி உருண்டையில் கிண்ணம் மாதிரி ஒரு நைலான் குப்பி இருக்கும். அது தேய்ந்து பொடியாகியிருந்தால் மவுண்டிங்கைப் பாறையில் கட்டினாலும் லிவர் ஆடும். சில்லறை விலைச் சாமான். முதலில் அதை மாற்று.

இப்போது உன் கடைசிக் கேள்வி, எல்லாவற்றையும் விட முக்கியமானது. இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்டிங்கே கிடையாது, கவனித்தாயா? கியர்பாக்ஸின் வாலிலிருந்து டிஃபரென்ஷியல் வரைக்கும் ஒரு நீள அலுமினியச் சட்டம் ஓடுகிறது. இஞ்சின், கியர்பாக்ஸ், சட்டம், டிஃபரென்ஷியல் எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படி. அது வண்டியில் தொங்குவது நாலே இடத்தில்: முன்னால் இரண்டு, பின்னால் டிஃபரென்ஷியல் காதுகளில் (போல்ட் மாட்டும் நீட்டல்கள்) இரண்டு. கூரையில்லாத வண்டி, பாடி நன்றாக முறுக்கும். நாலு இடத்தையும் இரும்பாகக் கட்டினால் பாடி முறுக்குகிற முறுக்கு முழுக்க அந்தச் சட்டத்தின் போல்ட்டுக்கும் கியர்பாக்ஸின் காதுக்கும் போகும். காது விண்டால் கேஸே போச்சு. ஆகவே கெட்டியாகப் போடுவது முன்னால் மட்டும். பின்னால் ரப்பரோ, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேனோ கட்டாயம் இருக்கட்டும்.

செய்கிற விதம்:

மவுண்டிங் உருளைக்கு 6082-டி6 ரக அலுமினியம் போதும், இங்கே எந்த ஸ்டாக்கிஸ்ட்டிடமும் கிடைக்கும். முழுக்கட்டையிலிருந்து கடை, வெல்டிங் வைக்காதே. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த அலுமினியத்தின் பலம் கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிடும். வெல்டிங் இல்லாமல் முடியாது என்றால் சாதா இரும்பில் செய், எடை கூடினால் கூடட்டும்.

உயரம் எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவது. பெட்டியிலிருந்து எடுத்த புது ரப்பரை அளக்காதே. இஞ்சின் எடை இறங்கி உட்கார்ந்த பிறகு என்ன உயரமோ அதுதான் உனக்கு வேண்டும். பழைய ரப்பரோ சப்பிப் போயிருக்கும், அதையும் நம்ப முடியாது. புது ரப்பர் இரண்டைப் போட்டு, இஞ்சினை இறக்கி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு அளவெடு. அந்த ரப்பர் வீண் இல்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உயரம் தப்பினால் ஆயில் சம்ப் அடியில் குறுக்கே ஓடும் கிராஸ்மெம்பரில் இடிக்கும், ரேடியேட்டர் ஃபேனும் நெருங்கும்.

துளை ஒருபோதும் சரியாக எதிரெதிரே வராது. ஃபேக்டரியில் ரப்பர்தானே என்று விட்ட இடைவெளி அது. ஒரு பக்கத் துளையை நீள்வட்டமாக எடு. போல்ட் இரண்டு விரலால் சுழன்று உள்ளே போகணும். கடப்பாரை வைத்து நெம்பிப் போல்ட் ஏற்றினாய் என்றால், வண்டி நிற்கும்போதே பிளாக்கின் போல்ட் துளைக்கு இழுவை ஏறிவிட்டது என்று அர்த்தம். மிச்சம் தெரியும் இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய தகடு) வை.

போல்ட் 10.9 கிரேடு, மேலிருந்து கீழ் வரை ஊடுருவி வரணும். நடுவில் எது உடைந்தாலும் இஞ்சின் கழன்று ஸ்டீயரிங் ஷாஃப்ட் மேல் சாயக் கூடாது. சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் நைலான் வளையம் வைத்த நட் வேண்டாம், 120 டிகிரி தாண்டினால் நைலான் பிடிக்காது. முழு இரும்பு லாக் நட் போடு.

பலத்தைப் பற்றிப் பயப்படாதே. உன் இஞ்சின் 137 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.136. பெருக்கினால் 430 வரும். இரண்டு மவுண்டிங்குக்கும் நடுவே அரை மீட்டர் என்று வைத்துக்கொள், ஒரு பக்கத்துக்கு 860 நியூட்டன், கிட்டத்தட்ட 88 கிலோ. கிளட்சைப் பட்டென்று விட்டால் அதைப் போல இரண்டு மூன்று பங்கு. ஒரு எம்12 போல்ட்டுக்கு இது பொருட்டே இல்லை. கெடுதல் வருவது இழுவையால் இல்லை, அதிர்வால்.

அந்தப் புது ரப்பர் ஏன் வீண் இல்லை? அதைப் போட்டு ஓட்டிப் பார்த்த பாதிப் பேருக்கு அதுவே போதுமாகி, என்னிடம் திரும்பி வருவதில்லை, அதனால்தான். மாஸ்டாவின் காம்பெட்டிஷன் ரப்பர் என்று அதே வடிவத்தில் இன்னும் கெட்டியானதும் கிடைக்கிறது.

ஒரகடம் என்விஎச்:

லேத் அண்ணா சொன்ன அதிர்வுக்கு ஒரு கணக்கு. வண்டி அதிர்வுதான் என் பிழைப்பு.

நாலு சிலிண்டர் வரிசை இஞ்சினில் பிஸ்டன்கள் ஒன்றையொன்று முழுக்கச் சமன் செய்வதில்லை. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் மேலும் கீழுமாக இரண்டு உதறல் மிஞ்சும். இந்த இஞ்சினில் அதை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்டும் இல்லை. ஸ்ட்ரோக் 83.6 மி.மீ. பிஸ்டன், பின், கனெக்டிங் ராடின் மேல்பகுதி சேர்த்து ஒரு சிலிண்டருக்கு அரை கிலோ என்று வைத்தால், 6000 ஆர்பிஎம்மில் அந்த உதறல் சுமார் 10,000 நியூட்டன், அதாவது ஒரு டன். நொடிக்கு 200 தடவை.

கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இஞ்சினும் கியர்பாக்ஸும் 170 கிலோ என்று எடுத்தால், யாரும் பிடிக்காமல் விட்ட இஞ்சின் அந்த விசையில் ஆடுவது ஒரு பக்கத்துக்கு 0.04 மி.மீ. மட்டும். ரப்பர் அந்த ஆட்டத்தை ஆடவிடுகிறது, பாடிக்குப் பெரிதாக ஒன்றும் போவதில்லை. நீங்கள் அந்த 0.04ஐ நிறுத்தப் பார்த்தால் ஒரு டன்னில் பெரும்பங்கு இஞ்சினைத் தாங்கும் சப்ஃபிரேமுக்குப் போகிறது. லிவர் குதிப்பதோ முழுக்க வேறு விஷயம். அது மெதுவான, பெரிய உருளல். அதை மட்டும் பிடித்தால் போதாதா?

பாலியூரித்தேனும் சும்மா இல்லை. ரொம்பக் கெட்டியாக ஊற்றினால் அதன் இயல்பு அதிர்வெண் ஏறி 50 ஹெர்ட்ஸ் பக்கம் உட்காரலாம். 1500 ஆர்பிஎம்மில் இஞ்சின் உதறுவதும் சரியாக நொடிக்கு 50 தடவை, இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். டிராஃபிக்கில் ஊர்ந்து போகிற வேகம்.

பீளமேட்டு லேத்:

நல்லாச் சொன்னம்மா. அந்த "உருளலை மட்டும் பிடி" என்பதைத்தான் பழைய ஆட்கள் சங்கிலியால் செய்தார்கள். இடது பக்க பிளாக்கிலிருந்து சப்ஃபிரேமுக்கு ஒரு சங்கிலி, ஐந்தாறு மி.மீ. தொய்வு விட்டு. சும்மா ஓட்டும்போது ரப்பர் வேலை செய்யும். முழு மிதி மிதித்தால் சங்கிலி விறைத்து இடது பக்கம் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்காது, போட்டோ போட முடியாது, அதனால் இப்போது யாரும் செய்வதில்லை. சங்கிலி பிடிக்கவில்லை என்றால் இரண்டு முனையிலும் ராட் எண்ட் (உருண்டை மூட்டு) வைத்த சின்னக் கம்பி, ஒரு முனைத் துளையைக் கொஞ்சம் நீட்டி எடு. உன் நண்பருடைய லேத்துக்கு இது நல்ல வேலை.

"ஃபார்முலா வண்டியில் இஞ்சினை அப்படியே போல்ட் பண்ணுகிறார்களே" என்று கேட்பார்கள். உண்மைதான், 1967ல் லோட்டஸ் 49ல் காஸ்வொர்த் இஞ்சினே வண்டியின் பின்பாதிச் சட்டம். ஆனால் அதை ரேஸுக்கு ரேஸ் பிரித்துப் பார்க்க ஆள் இருந்தது. உனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே வண்டியில் வீடு போய்ச் சேரணும்.

ரோட்ஸ்டர்91:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. கிளட்ச் சோதனை செய்து பார்த்தேன். இடது பக்கம் நன்றாகவே எழும்புகிறது, விழும்போது சத்தமும் வருகிறது. லிவர் குப்பியில் நைலான் என்று சொல்ல ஒன்றுமில்லை, மஞ்சள் தூள்தான் இருந்தது. காம்பெட்டிஷன் ரப்பரும் குப்பியும் ஆர்டர் போட்டுவிட்டேன். கம்பி வைப்பதாக இருந்தால் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லணுமா?

பீளமேட்டு லேத்:

சொல்லிவிடு. இங்கே எந்த மாற்றத்தையும் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் வரும்போது அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ரப்பர் மாற்றும்போது இஞ்சினைத் தூக்க ஜாக்கியை ஆயில் சம்ப்புக்கு நேராக வைக்காதே, அகலமான மரக்கட்டை குறுக்கே கொடு. ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போ, இரண்டையும் ஒன்றாகக் கழற்றாதே.