ரைட் லேனில் 50-இல் போகிற அப்பாவால் ஆபத்தா, 110-இல் வருகிற மச்சானாலா?

தாம்பரம்வாசி:
வீட்டில் ஓயாத சண்டை, நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள். அப்பா ஓட்டினால் நான்கு வழிச் சாலையிலும் 50-ஐத் தாண்ட மாட்டார், அதுவும் மீடியனை ஒட்டிய லேனில்தான். ஏன் என்று கேட்டால் இடது பக்கம் ராங் சைடில் பைக் வரும், பஸ் திடீரென்று நிற்கும், ஆடு மாடு ஏறும் என்பார், அதில் பொய்யும் இல்லை. மச்சான் 110-க்குக் குறைய மாட்டார். "மாமா மாதிரி உருட்டுகிறவர்களால்தான் பாதி ஆக்சிடென்ட்டே" என்கிறார். அப்பாவோ "மெதுவாகப் போய் எவனையாவது கொன்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்கிறார். யார் சொல்வது சரி?

பத்துச்சக்கரம்:
லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் 20-இல் ஊர்கிற ஆள் நான், அதனால் மெதுவாகப் போவதே குற்றம் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். ஆனால் தம்பி, அப்பா போகிற இடம் தப்பு. ரைட்டில் ஒருவர் 50-இல் அடைத்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? இரண்டு தடவை ஹார்ன் அடிப்பான், டிப் அடிப்பான், அப்புறம் லெஃப்டில் புகுந்து ஏறுவான். அங்கேதான் அப்பா பயப்படுகிற அதே பைக்கும் பஸ்ஸும் இருக்கிறது. இடி வாங்குவது பைக்காரன், அப்பாவுக்குக் கண்ணாடியில்கூடத் தெரியாது.

உண்மையான எமன் யார் தெரியுமா? ராத்திரியில் விழுப்புரம் பக்கம் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர். டெயில் லைட் இருக்காது, இருந்தாலும் தொங்குகிற தோகை மூடியிருக்கும், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் சேறு. நம்முடைய ஹெட்லைட் அதன் மேல் விழுந்தால்தான் அங்கே ஒன்று இருப்பதே தெரியும்.

ஸ்லைடுரூல்:
மச்சான் சொல்கிற வாதம் பழையது. 1964-இல் அமெரிக்காவில் சாலமன் என்பவர், சராசரி வேகத்தைவிட ரொம்பக் கூடினாலும் ரொம்பக் குறைந்தாலும் விபத்து அதிகம் என்று யூ வடிவத்தில் ஒரு வரைபடம் போட்டார். வேகப் பிரியர்கள் இன்றைக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தபோது இடி வாங்கிய வண்டிகளும் அதில் "மெதுவாகப் போனவர்கள்" கணக்கில் சேர்ந்துவிட்டன. 1997-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 கிலோமீட்டர் வரம்புள்ள சாலைகளை வைத்துப் பார்த்தபோது, மெதுவாகப் போனவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. 60-க்கு மேல் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் காயம்படுகிற அளவு விபத்தில் சிக்கும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் அது ஊருக்குள் இருக்கிற சாலை, நம் ஹைவேக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஹைவேயில் பார்க்க வேண்டியது இரண்டு வண்டிக்கும் உள்ள வேக வித்தியாசம். நீங்கள் 100, முன்னால் இருக்கிற டிராக்டர் 30 என்றால் நடுவில் இருக்கிற 100 மீட்டர் ஏறக்குறைய ஐந்து விநாடியில் தீர்ந்துவிடும். அதே இடத்தில் நீங்கள் 60-இல் வந்தால் 12 விநாடி கிடைக்கும். டிராக்டரின் வேகம் மாறவே இல்லை, கவனித்தீர்களா?

தாம்பரம்வாசி:
அரசாங்கக் கணக்கு என்ன சொல்கிறது?

ஸ்லைடுரூல்:
2022-இல் நாடு முழுக்க சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அதிவேகம் என்றுதான் காரணம் பதிவாகியிருக்கிறது. இதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். நம் ஊர் எஃப்ஐஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்பது எழுதுகிறவர் கை தானாக எழுதுகிற வரி. விளக்கில்லாத டிராக்டருக்கு அந்த வரியில் ஏது இடம்?

ஸ்கூட்டிஅக்கா:
எல்லாரும் காரிலிருந்தே பேசுகிறீர்கள். அந்த லெஃப்ட் லேனில் 45-இல் போகிறவள் நான். எனக்கு அப்பாவாலும் பயமில்லை, டிராக்டராலும் பயமில்லை. ரைட் அடைத்திருக்கிறது என்று என் கைப்பிடியை உரசுகிற மாதிரி லெஃப்டில் ஏறுகிற மச்சான்களால்தான் பயம். அவருக்கு அவசரம் என்றால் அதற்கு அப்பா பொறுப்பா? ராங் சைடில் வருகிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால், யூ டர்ன் எவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மலைப்பாதை:
தொப்பூர் இறக்கத்தில் ஒரு தடவை வந்து பாருங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கிலேயே இறங்குகிற லாரிக்குப் பாதியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரில் போட்டு ஊர்ந்து இறங்குகிறவனைப் பார்த்துப் பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், அவன் மெதுவாகப் போவதால்தான் முன்னால் போகிற கார்கள் பிழைக்கின்றன.

பத்துச்சக்கரம்:
மலைப்பாதை சொல்வது நூற்றுக்கு நூறு. தம்பி, அப்பாவை வேகமாக ஓட்டச் சொல்லாதீர்கள், அவருக்கு 50 தான் கைக்கு அடக்கம் என்றால் 50-லேயே போகட்டும். லெஃப்டில் போகட்டும், நிற்கிற பஸ்ஸைத் தாண்டக் கண்ணாடியைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டு ரைட்டுக்கு வரட்டும், தாண்டியதும் திரும்பிவிடட்டும். மச்சானிடம் நான் பேசிப் பயனில்லை.

தாம்பரம்வாசி:
சரி அண்ணே. இன்னொன்று, மழை வந்தால் அப்பா நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு 30-இல் போவார். அது நல்லதுதானே?

பத்துச்சக்கரம்:
கூடவே கூடாது. அது வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவது. ஓடுகிற வண்டியில் போட்டால் நிற்கிறதா போகிறதா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது, சட்டென்று ஒடிப்பான். அப்பா லேன் மாறினாலும் எந்தப் பக்கம் என்று தெரியாது. மழையில் ஹெட்லைட்டை லோ பீமில் போடச் சொல்லுங்கள், டெயில் லைட்டும் சேர்ந்து எரியும், அது போதும்.