அமெரிக்கக் காலேஜில் ஸ்ட்ரெங்த் கோச் ஆக நினைத்து வந்திருப்பவர்களுக்கு

ஊரில் பி.பி.எட், எம்.பி.எட் முடித்து இங்கே மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் எல்லாரும் முதலில் கேட்பது எந்த சர்டிஃபிகேட் எடுக்கலாம் என்றுதான். அது வேண்டும், காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷனில் அது இல்லாமல் ஸ்ட்ரெங்த் கோச் (வீரர்களுக்கு உடல் வலுப் பயிற்சி தருபவர்) ஆக முடியாது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் ஐ-20-ஐ (மாணவர் விசாவுக்காகக் காலேஜ் தரும் படிவம்) எடுத்து, படிப்புக்கான குறியீட்டு எண்ணைப் பாருங்கள். எக்சர்சைஸ் ஃபிசியாலஜி, 26.0908 என்று இருந்தால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் வரும், படிப்பு முடித்து வேலை செய்யத் தரும் 12 மாத ஓபிடி அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம் கேட்கலாம். இந்த வேலையில் இன்டர்ன், கிராஜுவேட் அசிஸ்டன்ட் (படித்துக்கொண்டே உதவியாளர் வேலை) என்று கொஞ்சம் சம்பளத்தில் சில வருடம் நின்றுதான் மேலே போக முடியும், ஒரே வருடம் போதவே போதாது.

அப்புறம் இன்டர்ன்ஷிப். "சம்பளம் இல்லை, சும்மா வந்து உதவு" என்பார்கள். நானும் அப்படி ஒரு இடத்தில் மூன்று வாரம் போனேன், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் தற்செயலாகச் சொன்னபோதுதான் சிபிடி, அதாவது படிக்கும்போதே பயிற்சி வேலை செய்வதற்கான அனுமதி, வாங்கியிருக்க வேண்டும் என்று தெரிந்து அன்றே நிறுத்தினேன், அந்த மாதம் முழுக்கத் தூக்கமில்லை. சம்பளம் இல்லையென்றால் அனுமதியும் வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

இனி சர்டிஃபிகேட், இரண்டு உண்டு. சிஎஸ்சிஎஸ் தேர்வைப் புத்தகம் வைத்துப் படித்து எழுதிவிடலாம், கூடவே சிபிஆர் (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) சான்று வேண்டும். எஸ்சிசிசி அப்படி இல்லை, ஒரு மென்டருக்குக் கீழே 640 மணி நேரம் வெயிட் ரூமில் நின்றாக வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஏனென்றால் வேலையே அங்கேதான் பிடிபடுகிறது. காலை 5:15-க்கு எடை தூக்கும் ரேக் எல்லாம் தயார் செய்கிறோம், 5:45-க்கு வாலிபால் டீம் உள்ளே வருகிறது. என் முதல் வாரம் ஒரு பெண் 135 பவுண்டில் இருந்து 155-க்கு ஏற்ற என்ன போடணும் என்று கேட்டாள், நான் மனதுக்குள் கிலோவுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன், அவளுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில். பக்கத்துக்கு ஒரு 10 பவுண்டு பிளேட், அவ்வளவுதான். பார் 45, இரண்டு பக்கமும் ஒரு பெரிய 45 பவுண்டு பிளேட் போட்டால் 135, இரண்டு போட்டால் 225, மூன்று என்றால் 315. இது தூக்கத்திலும் வாயில் வர வேண்டும்.

ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) பக்கம் பணம் அதிகம், உண்மைதான். ஆனால் ஹெட் கோச்சை நீக்கினால் பெரும்பாலும் ஸ்ட்ரெங்த் ஆட்களும் கூடவே வெளியே. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அதன் பிறகு வேறு வழி பார்க்க அதிகபட்சம் 60 நாள்தான். அதனால் நம்மவர்களுக்கு நான் சொல்வது நீச்சல், வாலிபால், தடகளம் பார்க்கும் வேலைகளை முதலில் தேடுங்கள். எச்-1பிக்கு விண்ணப்பிப்பது பல்கலைக்கழகமே என்றால் விசாவுக்கான லாட்டரிக் குலுக்கலும் கிடையாது.

எதில் போனாலும் வெயில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2018-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் ஜோர்டான் மெக்நேர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் சரிந்து, இரண்டு வாரம் கழித்து இறந்துபோனார், வயது 19. நாம் மதுரை, சென்னை வெயிலில் ஓடியவர்கள், "இதெல்லாம் ஒரு வெயிலா" என்று நினைப்பு வந்துவிடும், அது ஆபத்து. ஹீட் ஸ்ட்ரோக் என்றால் முதலில் ஐஸ் தண்ணீரில் இறக்கி உடம்பைக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்கு அப்புறம். இன்டர்வியூவுக்குப் போகும்போது ஐஸ் டப் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், சட்டென்று கூட்டிப்போய்க் காட்டவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.