‘ஐற்றிஸ்’ என்னும் ஈறு: வீக்கமா, அழற்சியா?

அன்புடையீர், வணக்கம்.

நோயாளருக்கான மும்மொழிக் கையேட்டின் தமிழ்ப் பகுதியில், ஆங்கிலத்தில் ‘ஐற்றிஸ்’ (-itis) என முடியும் நோய்ப்பெயர்கள் அனைத்துக்கும் ‘வீக்கம்’ என்றே எழுதலாம் என்று நண்பர் முன்வைத்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இதய நோயாளியின் காலில் நீர் கோப்பதும் வீக்கந்தான்; அதில் அழற்சி இல்லை. உரோமானியரான கெல்சஸ் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கையும் சேர்த்து அழற்சியின் குறிகளாகச் சொல்லியிருக்க, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து முழுமைக்கும் பெயராக்குவது மயக்கத்தையே தரும். அழல் என்பது நெருப்பு. அழற்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘inflammation’ என்னும் சொல்லின் இலத்தீன் வேரும் தீமூட்டுதலையே குறிக்கிறது. சிங்களத்தின் ‘பிரதாஹய’வும் எரிதலின் அடியாகப் பிறந்ததே.

ஆயினும், அந்த ஈறு பிறந்தபோது அதற்கும் அழற்சிக்கும் தொடர்பு இருக்கவில்லை. கிரேக்கத்தில் அது ‘உரிய’ எனப் பொருள்படும் பெயரடை விகுதியின் பெண்பால் வடிவம். நோயைக் குறிக்கும் ‘நோசொஸ்’ பெண்பாற் சொல்லாதலால், ‘ஆர்த்திரீத்திஸ் நோசொஸ்’ என்றால் மூட்டுக்குரிய நோய் என்பதே பொருள். காலப்போக்கில் ‘நோசொஸ்’ உதிர, விகுதியே நோயின் பொருளைத் தாங்கலாயிற்று. பிற்கால மருத்துவர்கள் அதனை அழற்சிக்கு ஒதுக்கிப் புதுப்பெயர்கள் படைத்தனர்: 1808இல் சார்ள்ஸ் பட்ஹாம் ‘புறொங்கைற்றிஸ்’ (மூச்சுக்குழாய் அழற்சி) என்றார், 1886இல் அமெரிக்க மருத்துவர் றெஜினல்ட் ஃபிற்ஸ் ‘அப்பென்டிசைற்றிஸ்’ என்றார். பின்னது இலத்தீன் அடியில் கிரேக்க வாலை ஒட்டிய கலப்பு. அதற்கு நாம் வழங்கும் ‘குடல்வளரி அழற்சி’க்கு அந்தக் குறையும் இல்லை.

எனவே, உறுப்பின் பெயரை முன்வைத்து ‘அழற்சி’ சேர்ப்பதே பொதுவிதியாக இருக்கட்டும். வழக்குச் சொற்களைக் கைவிடுவதா என்று சிலர் வருந்தக்கூடும். ஆனால் ‘மூளைக்காய்ச்சல்’ என்பதை மூளையுறை அழற்சிக்கும் மூளை அழற்சிக்கும் வேறுபாடின்றி வழங்குகிறோம். யப்பானிய மூளை அழற்சிக்குக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏற்றும் இலங்கையில், அந்த ஊசி எல்லா ‘மூளைக்காய்ச்சலை’யும் தடுக்கும் என்று ஒரு தாய் எண்ணிக்கொண்டால் பிழை அவருடையதன்று, நம் சொல்லினுடையது. ஈரல் அழற்சியைச் ‘செங்கண்மாரி’ (மஞ்சள் காமாலை) என்பதும் அவ்வாறே: பித்தக்கல் பாதையை அடைத்தாலும் கண் மஞ்சளாகும், ஈரல் அழற்சி உள்ள பலருக்கு மஞ்சளாவதே இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் ஈற்றை விட்டுப் பொருளைப் பற்ற வேண்டும். ‘ஒஸ்ரியோஆத்றைற்றிஸ்’ (osteoarthritis) என்னும் மூட்டு நோயின் பெயரில் ஈறு இருந்தாலும், முதன்மையாக நிகழ்வது குருத்தெலும்பின் தேய்வு. அதனை ‘மூட்டுத் தேய்வு நோய்’ என்றும், றூமற்றொயிட் (rheumatoid) வகையை ‘முடக்கு மூட்டழற்சி’ என்றும் பிரித்தெழுதலாம். இரண்டுக்கும் ‘வாதம்’ வேண்டாம். பாரிசவாதத்தை (பக்கவாதத்தை)ச் சொல்லும் பக்கத்திலும் அதே சொல் வந்து நிற்கும்.