ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சா என்ன ஆகும்?

பாலக்கோடு, மருந்துக்கடை:
புளி உலுக்குற சீசன். வயித்துப்போக்கோட வந்த பையன். அவங்கம்மா கடை வாசல்லயே 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (போக்குக்குத் தண்ணியில கரைச்சுக் குடுக்குற உப்பு-சர்க்கரைப் பொடி) முழுசையும் ஒரே டம்ளர்ல கொட்டிக் கலக்கிட்டாங்க. ரெண்டு வாய் குடிச்சுட்டு அவன் "தண்ணி, தண்ணி"ன்னு அழுதது இன்னும் காதுல இருக்கு. அது 1 லிட்டருக்கான பாக்கெட். 200 மில்லி டம்ளர்ல போட்டா அஞ்சு மடங்கு கெட்டி. குடல் தண்ணிய உறிஞ்சாது, உடம்புல இருக்குறதையும் வெளிய இழுக்கும். போக்கு கூடும், ரத்தத்துல சோடியம்ங்கிற உப்புச்சத்து ஏறும், வலிப்பு வரைக்கும் போகும். 4 கிராம் சொச்சம் இருக்குற சின்ன பாக்கெட்தான் 200 மில்லிக்கு. கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில கரைங்க, 24 மணி நேரத்துக்கு மேல வெக்காதீங்க.

பென்னாகரம்:
கொதிக்க வெச்சா எல்லாம் சரியாயிடும்னு நம்ம தர்மபுரி மாவட்டத்துல எழுதாதீங்க. போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு. கொதிச்சா தண்ணிதான் சுண்டும், ஃப்ளோரைடு அப்படியே நிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் (குழாய்ல வர்ற காவிரித் தண்ணி) வர்ற ஊர்ல அதையே பிடிச்சுக் கொதிக்க வையுங்க.

பாலக்கோடு, மருந்துக்கடை:
ஃப்ளோரைடு வருசக்கணக்குல குடிச்சாதான் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். போக்கு நிக்காத குழந்தைக்கு இன்னிக்கே ஆபத்து. ஒகேனக்கல் தண்ணி வரலேன்னு கரைசல் குடுக்காம மட்டும் இருந்துடாதீங்க.

காவேரிப்பட்டணம், செவிலியர்:
மாந்தோப்புல காய் பறிக்க வந்த ஆள், வெயில் தாக்கி, கட்டுன பொண்டாட்டியவே "யாரு நீ"ன்னு கேட்டார். சுத்தி நின்னவங்க வாயில சோடா ஊத்தப் பாத்தாங்க. புத்தி தடுமாறுறவங்களுக்கு வாயில எதுவும் ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். "வேர்க்குதே, வெயில் தாக்கு இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னார். அது தப்பு, வேலை செஞ்சுட்டே விழுறவங்களுக்கு வேர்வை இருக்கும். பாராசிட்டமாலும் வேலைக்காகாது. காய்ச்சல்ல மூளையே சூட்டை ஏத்தி வெக்குது, அதைத்தான் மாத்திரை இறக்கும். இதுல சூடு வெளியேற வழியில்லாம தேங்குது. 108-க்குச் சொல்லிட்டு, நிழல்ல போட்டு, துணியத் தளர்த்தி, உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிட்டே இருங்க. ஐஸ் கிடைச்சா கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வையுங்க.

ஊத்தங்கரை:
பங்குனியில அம்மை போட்ட பொண்ண, கொப்புளம் காய ஆரம்பிச்சப்புறம் கூட்டிட்டு வந்தாங்க. அம்மை வைரஸை அடக்குற மாத்திரை கொப்புளம் கிளம்பின முதல் 24 மணி நேரத்துல தொடங்கினாதான் நல்லா கேக்கும். வேப்பிலை கட்டுங்க, வேண்டாங்கல. ஆனா கர்ப்பிணி, பெரியவங்களுக்கு வந்தா அன்னிக்கே காட்டுங்க. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும்.

இன்னொண்ணு. எதுக்கு டாக்டர்கிட்ட போனாலும் கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க, எத்தனை தடவை போக்கு, வாந்தின்னு சொல்லுங்க. சாப்பிடுற பிரஷர், சுகர் மாத்திரை அட்டைய கையில எடுத்துட்டுப் போங்க. சில பிரஷர் மாத்திரை நீரைப் பிரிச்சு வெளிய தள்ளும். போக்கு இருக்குற அன்னிக்கு அதைத் தொடரலாமான்னு அவர்தான் சொல்லணும். இளநீர் குடிச்சாச்சுன்னு இருந்துடாதீங்க, அதுல சோடியம் கம்மி, பொட்டாசியம் அதிகம். கிட்னி கோளாறு உள்ளவங்க கேக்காம குடிக்கவே வேண்டாம்.