வலிக்காத புண் தானாக ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையில் புள்ளிகள். கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டுமா?

ஆலைத் தொழிலாளி, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். வரும் தை மாதம் திருமணம். வீட்டில் வாய்திறந்து கேட்க முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்டு மாதம் வேலை நிமித்தமாக ஜொகூர் பாருவில் தங்கியிருந்தபோது ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஆணுறுப்பில் பட்டாணி அளவில் ஒரு புண் வந்தது. விளிம்பு கெட்டியாக இருந்ததே தவிர வலியோ சீழோ இல்லை. நண்பர் ஒருவர் தம்மிடம் மீந்திருந்த அமோக்சிசிலின் மாத்திரைகளில் நான்கைக் கொடுத்தார். விழுங்கினேன், புண்ணும் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது, அத்தோடு தொல்லை விட்டது என்று இருந்தேன். தீபாவளி கழிந்ததும் இரண்டு உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள் தெரிகின்றன. அரிப்பு இல்லை. அம்மா உரம் பட்ட ஒவ்வாமை என்கிறார். அத்தை உடம்புச் சூடு என்று சொல்லித் தினமும் இளநீர் வெட்டித் தருகிறார்.

அக்டோபரில் என் வருங்கால மனைவியுடன் ஒருமுறை நெருங்கியிருக்கிறேன். அன்றும் ஆணுறை அணியவில்லை. எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கின் பதிவு முகப்பில் இருப்பவர் எங்கள் சொந்தக்காரர். இந்தப் புள்ளிகளும் அந்தப் புண்ணும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா? அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஓய்வுபெற்ற தாதி, பேராக்:

தம்பி, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இரத்தம் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதிய வரிசை, அதாவது முதலில் வலியில்லாத கெட்டியான புண், அது தானாக ஆறுவது, சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத புள்ளிகள், சிபிலிஸ் நோய் போகும் பாதையை அப்படியே ஒத்திருக்கிறது. நம் பெரியவர்கள் மேகநோய் என்று பொதுவாகச் சொன்னவற்றில் இதுவும் ஒன்று.

இதில் மனிதரை ஏமாற்றுவது அந்தப் புண் ஆறுவதுதான். தொற்றிய 10 நாள் முதல் 90 நாளுக்குள் புண் தோன்றும். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் மறைந்துவிடும். கிருமி மறைவதில்லை, இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுகிறது. இந்தப் புள்ளிகளும் ஒருநாள் மறைந்துவிடும். அப்போது இளநீர்தான் குணப்படுத்தியது என்று அத்தை மகிழ்வார். நோயோ ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்து இதயத்தையும் மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடும். நண்பர் கொடுத்த நான்கு மாத்திரைகளால் எந்தப் பயனும் இல்லை. யாரிடம் மிச்சம் இருந்தாலும் இனி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஆரம்பக் கட்டம் என்று உறுதியானால் மருத்துவம் எளிது. பென்சாதின் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், வழக்கமாக இரண்டாகப் பிரித்து இரு பக்கப் புட்டத்திலும் ஒரே நாளில் போடுவார்கள். அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். அது கிருமிகள் மடிவதால் வருவது, பயப்படாதீர்கள். பென்சிலின் ஒவ்வாமை உண்டென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. அதன் பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, நோயைக் காட்டும் அளவு இறங்குகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இந்தப் பின்தொடர்தலைத்தான் நம் மக்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, வெட்டை நோய் (கொனோரியா) ஆகியவற்றுக்கும் அதே நாளில் பரிசோதனை கேளுங்கள்; சிபிலிஸ் புண் இருக்கும்போது எச்.ஐ.வி. தொற்றுவது எளிது.

முகப்பைப் பற்றி: அங்கே 'தோலில் தடிப்பு' என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை அறைக்குள் உதவி மருத்துவ அதிகாரியிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் கோலகங்சாருக்கோ ஈப்போவுக்கோ போங்கள். எந்த அரசாங்கக் கிளினிக்கிலும் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். சிபிலிஸ், வெட்டை, எச்.ஐ.வி. ஆகியவற்றை 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். அந்தத் தகவல் முதலாளிக்கும் உறவினருக்கும் போவதற்கன்று; உங்களோடு உறவு கொண்டவர்களுக்கும் மருத்துவம் கிடைப்பதற்காகவே.

உங்கள் வருங்கால மனைவியிடம் சொல்ல வேண்டுமா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் உடம்பில் புண் உள்ளே இருந்தால் அவருக்கே தெரியாது. அண்மையில் உறவு கொண்டவருக்கு, முதல் பரிசோதனை தெளிவாக வந்தாலும், 90 நாளுக்குட்பட்ட தொடர்பு என்பதால் ஊசி போடுவதே வழக்கம். ஜொகூரில் சந்தித்தவரைத் தொடர்புகொள்ள வழி இருந்தால் அவருக்கும் தெரிவியுங்கள். இருவரின் மருத்துவமும் முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம்.

இரு பிள்ளைகளின் தாய், கோலகங்சார்:

தம்பி, சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். கேட்கும் இடத்தில் இருந்தவள் நான். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எடுத்த இரத்தத்தில் சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. கணவருக்குத் திருமணத்துக்கு முன்பே வந்து, ஆறிவிட்டது என்று விட்டிருந்த ஒன்று அது. அந்த அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாதி சொன்ன பாதி வார்த்தைகள் காதில் விழவில்லை. எனக்கு நோய் வந்ததைவிட, அவர் எதையோ நினைத்துப் பயந்து என்னிடம் மூன்று ஆண்டுகள் அதைச் சொல்லாமல் இருந்ததுதான் ஆறாமல் இருந்தது. நேரத்தில் ஊசி போட்டதால் பிள்ளை நலமாகப் பிறந்தான். விட்டிருந்தால் கரு கலைந்திருக்கலாம், பிள்ளை இறந்தே பிறந்திருக்கலாம் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். கர்ப்பிணிகள் அனைவருக்கும் இப்படிப் பார்ப்பதால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. ஆனால் அந்தப் பரிசோதனைவரை உங்கள் வருங்கால மனைவியைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

பழைய டிரஸ்ஸர் (தோட்ட மருத்துவமனை உதவியாளர்):

தாதியம்மா சொன்னதே சரி. தோட்ட மருத்துவமனையில் இருந்த காலத்தில், புண் ஆறியதும் வராமல் போனவர்கள்தான் பின்னாளில் மோசமான நிலையில் திரும்பி வந்தார்கள். ஆணுறையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அது நம் தோட்டத்துப் பால்மரத்தின் பாலில் செய்யப்படுவது. எண்ணெய் பட்ட ரப்பர் நொய்ந்துபோவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். தேங்காய் எண்ணெய், வாசலின், குழந்தைக்குத் தடவும் எண்ணெய் எதுவும் அதன்மேல் படக்கூடாது. நீரையோ சிலிக்கோனையோ அடிப்படையாகக் கொண்ட வழுவழுப்புக் களிம்புதான் ஆகும். மோட்டார் சைக்கிளின் இருக்கைப் பெட்டியிலும் பணப்பையிலும் மாதக்கணக்கில் வெயிலில் வெந்ததை நம்பாதீர்கள். ஆணுறை மூடாத இடத்தில் புண் இருந்தால் சிபிலிஸ் தொற்றக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றபடி ஒரே கழிப்பறை, ஒரே துண்டு, ஒரே குளியலறை என்று அம்மாவுக்கும் அத்தைக்கும் தொற்றிவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

ஆலைத் தொழிலாளி, சுங்கை சிப்புட்:

அக்கா இருவருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஈப்போவுக்குப் போய்ப் பார்த்தேன். சிபிலிஸ்தான் என்று உறுதியானது. மற்றப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். அன்றிரவு சொன்னபடியே காய்ச்சல் வந்து காலையில் விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். வெகுநேரம் அழுதாள், பிறகு, 'நான் எந்த நாள் போக வேண்டும்?' என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை அவளை நானே அழைத்துப் போகிறேன். திருமணத்தைப் பற்றி அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு மூன்று மாதம் கழித்து நாள் கொடுத்திருக்கிறார்கள்.